யார் முற்றத்துச் சாம்பல்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருநீற்றுப் புதன் மாலை. திருப்பலி முடிந்து நாம் திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்தபோது, நெற்றியில் சாம்பலோடு ஒருவர் பக்க அறையின் வாயிலில் வந்து நின்றார். மறைமலை நகர்த் தொழிற்பேட்டையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடைசல் எந்திரத்தின் முன் நின்று உழைத்து ஓய்வுபெற்றவர் அவர். ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பகுத்து அளந்து பழகியவர். அன்றைய மறையுரையில், தவக்கால ஒறுத்தலாக நெகிழிப் பைகளையும் வீண் மின்செலவையும் கைவிடுமாறு இறைமக்களைக் கேட்டிருந்தோம்.

"தப்பா நினைக்காதீங்க, ஃபாதர். பை எடுத்துக்கிட்டுத்தான் கடைக்குப் போறேன், அது ஒண்ணும் கஷ்டமில்லை. ஆனா பெரிய கம்பெனிங்க ஒரே நாள்ல விடுற புகைக்கு, நான் ஆயுசு பூரா விளக்கை அணைச்சு வெச்சாலும் ஈடாகுமா? கணக்கு ஒத்து வரலையே" என்றார்.

சிறு துளி பெருவெள்ளம் என்று ஏதோ சொல்லி வைத்தோம். அவர் மரியாதையாகப் புன்னகைத்துவிட்டுப் போய்விட்டார். கணக்குக் கேட்டு வந்தவருக்குப் பழமொழி கொடுத்து அனுப்பிவிட்டோமே என்ற உறுத்தல் அன்றிரவு முழுவதும் இருந்தது. அந்த உறுத்தலே இக்கட்டுரைக்குக் காரணம்.

முதலில் அவர் பக்கத்து நியாயத்தை முழுமையாகக் கேட்டுவிடுவோம். மனிதன் இப்பூமியின்மேல் சுமத்தும் பாரத்தை அளக்க, 'சூழலியல் காலடித்தடம்' என்ற கருத்தை 1990களின் தொடக்கத்தில் உருவாக்கியவர்கள் கனடா நாட்டின் பிரித்தானிய கொலம்பியா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் வில்லியம் ரீசும் அவருடைய மாணவர் மத்திஸ் வாக்கர்நாகலும். ஒருவர் உண்பதையும் உடுப்பதையும் எரிப்பதையும் விளைவிக்க எவ்வளவு நிலமும் நீரும் வேண்டும், அவர் விட்டுச்செல்லும் கழிவைச் செரிக்க எவ்வளவு வேண்டும் என்பதே அந்த அளவை. அவர்கள் அதை வகுத்தது பெரும்பாலும் நகரங்களையும் நாடுகளையும் எடைபோடத்தான். பின்னர் 2000களின் முற்பாதியில், உலகின் மாபெரும் எண்ணெய் நிறுவனங்களுள் ஒன்றான பி.பி., 'உமது கரிமக் காலடி எவ்வளவு?' என்று தனிமனிதரைக் கேட்கும் விளம்பரங்களைப் பெரும் பொருட்செலவில் வெளியிட்டது. அவரவர் காலடியை அளந்து பார்க்க ஒரு கணிப்பானையும் தந்தது. எண்ணெயைத் தோண்டி விற்பவர், வாங்கி எரிப்பவரைப் பார்த்து, 'உம் மனச்சான்றை ஆராய்ந்து பாரும்' என்கிறார்! மனச்சான்று ஆய்வு நம் திருச்சபையின் பழைய பயிற்சி. அது இப்படியொரு வேலைக்கும் பயன்படும் என்று நாம் நினைத்திருக்கவில்லை.

நாடுகளுக்கிடையே உள்ள ஏற்றத்தாழ்வும் நண்பரின் பக்கமே சாய்கிறது. ஓர் இந்தியர் ஆண்டொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 2 டன் கரியமில வாயுவுக்குக் காரணமாகிறார். ஓர் அமெரிக்கர் ஏறத்தாழ 14 டன்னுக்கு. அந்த 2 டன்னிலும் விமானத்தில் பறப்பவரும் ஓட்டு வீட்டில் ஒற்றை மின்விசிறியோடு கோடையைக் கழிப்பவரும் ஒன்றாகக் கலந்துகிடக்கிறார்கள்.

மாற்கு நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில் ஏழைக் கைம்பெண் காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசுகள் போடும் நிகழ்ச்சியை நாம் எத்தனையோ முறை மறையுரையாக்கியிருக்கிறோம். சிறியோரின் சிறு கொடை பெரிது என்று முடித்துவிடுவது வழக்கம். அதற்குச் சற்று முன்னே, அதே அதிகாரத்தில், கைம்பெண்களின் வீடுகளை விழுங்கும் மறைநூல் அறிஞரை ஆண்டவர் கடிந்துகொள்வதை அதே மூச்சில் வாசிப்பவர் குறைவு. இரண்டையும் சேர்த்து வாசித்தால் அந்த இரண்டு காசுகளின் பொருளே மாறிவிடுகிறது. வீட்டை விழுங்கியவர்கள் நீண்ட அங்கிகளில் நடமாடுகிறார்கள். விழுங்கப்பட்டவளோ தன் பிழைப்புக்கான கடைசிக் காசையும் போட்டுவிட்டுப் போகிறாள். ஆண்டவர் அவளைப் பாராட்டினார் என்பது மெய். விழுங்கியவர்களை விட்டுவைத்தார் என்பது பொய். கைம்பெண்ணின் காசைப் புகழ்ந்துகொண்டே மறைநூல் அறிஞரைப் பற்றி வாய் திறவாத மறையுரையை நாமும் ஆற்றியிருக்கிறோம். அந்தத் திருநீற்றுப் புதனன்று ஆற்றியதும் அவ்வகையே என்று இப்போது தோன்றுகிறது.

ஆகவே பெரிய குற்றவாளிகளைக் கேள்வி கேட்பதும், சட்டத்தால் கட்டுப்படுத்தக் கோருவதும், அவ்வாறு செய்வோருக்கே வாக்களிப்பதும் கிறிஸ்தவக் கடமைகள். திருத்தந்தை பிரான்சிஸ் 2023 அக்டோபரில் வெளியிட்ட 'லவுதாத்தே தேயும்' மடலில் இதை ஒளிக்காமல் கூறியிருக்கிறார்: தனிமனித முயற்சிகளைவிடப் பெரும் அரசியல் முடிவுகளிலேயே பயனுள்ள தீர்வு பெரிதும் தங்கியிருக்கிறது என்பது அவர் கருத்து.

அப்படியானால் நாம் விளக்கை அணைக்க வேண்டியதில்லையா? இங்கேதான் நண்பரோடு நாம் மாறுபட வேண்டியிருக்கிறது. அவர் கேட்டது 'இதனால் உலகம் பிழைக்குமா?' என்ற கேள்வி. அறநெறி வேறொரு கேள்வியையும் கேட்கிறது: 'நான் செய்வது யார்மேல் விழுகிறது?'

நம் நெற்றியில் பூசும் சாம்பல் முந்தின ஆண்டின் குருத்தோலைகளை எரித்துப் பெறுவது என்பதை வாசகர் அறிவர். ஒரு கிண்ணம் போதும், பங்கு முழுவதற்கும். வேறொரு சாம்பல் உண்டு. நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் விளைவிக்க, ஏறக்குறைய எழுநூறு கிராம் கரி எரிய வேண்டும். நம் நாட்டு நிலக்கரியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சாம்பல். ஆக, யூனிட் ஒன்றுக்குத் தோராயமாகக் கால் கிலோ. பங்கு இல்லத்தில் நம் படுக்கையறையில் ஒன்றரை டன் குளிரூட்டி ஒன்று உண்டு. நல்மனம் கொண்ட ஒருவர் பொருத்திக் கொடுத்தது. எட்டு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ எட்டு யூனிட். அதாவது ஓர் இரவுக்கு இரண்டு கிலோ சாம்பல். கோடையில் தொண்ணூறு இரவுகள் என்று வைத்தால் நூற்று எண்பது கிலோ, சிமெண்ட் மூட்டைக் கணக்கில் மூன்றரைக்கும் மேல். இந்தக் கணக்கை எழுதி எடுத்துக்கொண்டு அந்த நண்பரின் வீட்டுக்கே சென்றோம். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரு முறை சரிபார்த்தார். நம் மின்சாரம் முழுவதும் கரியிலிருந்தே வருவதில்லை, காற்றாலையும் கல்பாக்கமும் நீர்மின் நிலையங்களும் உண்டு, ஆகவே இதைக் குறைத்துச் சொல்ல வேண்டும் என்றார். அது சரியே. மற்றபடி பெருக்கலில் பிழை இல்லை என்றார்.

அந்த மூன்றரை மூட்டை எங்கே இருக்கிறது? நம் முற்றத்தில் இல்லை. இருந்திருந்தால் முதல் வாரத்திலேயே நம் சமையற்காரம்மா கூச்சலிட்டிருப்பார். சென்னை மாநகரின் மறுகோடியில், எண்ணூருக்கருகே அத்திப்பட்டில் வட சென்னை அனல்மின் நிலையம் இருக்கிறது. 1990களின் நடுவில் இயங்கத் தொடங்கியது. பின்னர் விரிவாக்கப்பட்டு 1,830 மெகாவாட் திறன் பெற்றது. அங்கே எரிந்த கரியின் சாம்பலில் ஒரு பகுதி சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் போகிறது. மறு பகுதியைத் தண்ணீரோடு குழைத்து, குழாய்கள் வழியே சாம்பற்குளத்துக்கு அனுப்புகிறார்கள். அந்தக் குழாய்களில் ஏற்பட்ட கசிவால் கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் பல ஆண்டுகளாகச் சாம்பல் படிந்ததும், அலையாத்திக் காடுகளும் இறாலும் நண்டும் வளர்ந்த நீர் ஆழம் குன்றியதும் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்ற செய்திகள். சாம்பற்குளத்தை ஒட்டியே செப்பாக்கம் என்ற சிற்றூர் இருக்கிறது. காற்று வீசும் நாட்களில் அங்கே சோற்றுத் தட்டை மூடிவைத்துக்கொண்டு உண்ண வேண்டியிருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய கற்பனை வேண்டியதில்லை. 2017இல் பாடகர் டி.எம். கிருஷ்ணா 'சென்னை புறம்போக்குப் பாடல்' என்ற படைப்பை இந்தக் கழிமுகத்தில் நின்று பாடியபோதுதான், தென் புறநகரில் வாழும் நம்மில் பலர் அப்படியோர் ஆறு இருப்பதையே அறிந்தோம்.

நம் விளக்கில் எரிவது எந்த நிலையத்து மின்சாரம் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டே போய்க் கண்டுபிடிக்க முடியாது. எல்லாம் ஒரே வலையில் கலக்கிறது. ஆயினும், அந்த வலையிலிருந்து நாம் ஒரு யூனிட் எடுக்கும்போது யாரோ ஒருவர் முற்றத்தில் சாம்பல் கூடுகிறது. நாம் கட்டணம் செலுத்திவிட்டோமே என்பர் சிலர். மின்கட்டண அட்டையில் கரிக்கும் கம்பிக்கும் ஊழியர் ஊதியத்துக்கும் விலை இருக்கிறது. வலையில் இறாலுக்குப் பதில் சேறு வந்த மீனவரின் ஒரு நாளுக்கு விலை இல்லை. அந்த விலையை நாம் கொடுக்கவில்லை, அவர் கொடுத்தார். பிறர் கொடுத்த விலையில் நாம் பொருள் வைத்திருந்தால் அது எந்தக் கட்டளையின்கீழ் வரும் என்பதைத் திருமறைச் சுவடி படித்த பிள்ளைகளும் சொல்வார்கள்.

லூக்கா நற்செய்தியின் செல்வரை நினைத்துப் பார்ப்போம். இலாசரை அவர் அடித்ததாகவோ விரட்டியதாகவோ ஒரு சொல்லும் இல்லை. இலாசர் வாயிலில் கிடந்தார்; செல்வர் விருந்துண்டார்; அவ்வளவே கதை. அவருக்காவது இலாசர் வாயிலில் கிடந்தார், கண்ணைத் திறந்தால் தெரிந்திருப்பார். நம் இலாசர் அறுபது கிலோமீட்டருக்கு அப்பால் கிடக்கிறார். நம் கழிவும் நம் கண்ணுக்கு எட்டாத இடத்துக்குத்தான் போகிறது. சென்னையின் குப்பையைப் பல பத்தாண்டுகள் பெருங்குடியில், பள்ளிக்கரணைச் சதுப்பிலேயே கொட்டி மலையாக்கினார்கள்; 2022இல் அதே சதுப்பு உலகளாவிய முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது. தொலைவைக் கட்டிக்கொடுப்பதே நம் காலத்து வசதிகளின் பெரிய வசதி.

குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்றபோது, தீமைக்கு உடந்தையாதல் பற்றிய பாடம் நமக்குச் சலிப்பூட்டியது உண்டு. ஒருவன் திருடப் போகிறான் என்று தெரிந்து ஏணி பிடிப்பவன் எவ்வளவு குற்றவாளி, ஏணி விற்றவன் எவ்வளவு, மூங்கில் வெட்டியவன் எவ்வளவு என்று பேராசிரியர் அடுக்கிக்கொண்டே போவார். இன்று அந்தப் பாடமே கைகொடுக்கிறது. தீமையை விரும்பி அதில் சேர்வது ஒருபோதும் தகாது. விரும்பாமல், தொலைவிலிருந்து, தவிர்க்க இயலாத வகையில் அதில் பங்குபெற நேர்வது வேறு. போதிய காரணம் இருந்தால் அது பாவமாகாது. நம் மின்சாரமும் பெட்ரோலும் நெகிழியும் இந்த இரண்டாம் வகை. எனவே 'எவ்வளவு குறைத்தால் உலகம் பிழைக்கும்?' என்பதற்கு விடை தெரியாவிட்டாலும், 'இதற்குப் போதிய காரணம் உண்டா?' என்பதற்கு ஒவ்வொருவரும் விடை சொல்ல முடியும். படுக்கையில் கிடக்கும் எண்பது வயது மூதாட்டியின் அறையில் மே மாதத்தில் குளிரூட்டி ஓடுவதற்குப் போதிய காரணம் உண்டு. யாருமில்லாத பங்கு மன்றத்தில், கூட்டத்துக்கு அரை மணி முன்பாகவே இரண்டு குளிரூட்டிகள் ஓடுவதற்கு இல்லை. நம் படுக்கையறையிலோ? சில இரவுகளில் உண்டு, பல இரவுகளில் இல்லை. மார்ச் மாதத்தில் மாடிக் கதவைத் திறந்துவைத்தால் ஏரிப் பக்கமிருந்து காற்று வருகிறது. கொசுவும் வருகிறது என்பதையும் மறைக்கவில்லை. வலை வாங்கிக் கட்டியிருக்கிறோம்.

இந்த அளவுகோல் எல்லாரையும் ஒரே கோலால் அடிக்காது என்பதாலும் நமக்கு ஏற்புடையதாகிறது. இரயிலடிக்கு அப்பால் ஓட்டு வீட்டில் வாழும் கைம்பெண் ஒருவரை நாம் அறிவோம். கழுநீர் கீரைப் பாத்திக்கு. பழைய சேலை, பையும் மிதியடியும். இரு மாதங்களுக்கு அரசு இலவசமாக வழங்கிவந்த 100 யூனிட்டை அவர் தாண்டியதே அரிது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் தண்ணீர் கொண்டுவந்த அந்த மாதங்களில், அவர் நான்கு குடங்களை வரிசையில் வைத்துவிட்டுத் தெருவிலேயே அமர்ந்து செபமாலை சொல்வதைக் கண்டோம். அதே வாரத்தில், நம் சுற்றுவட்டக் கிராமக் கிணறுகளில் இறைத்த நீரை ஏற்றிய லாரிகள் அவரைக் கடந்து அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குப் போயின. அவரிடம் சென்று நீரைச் சிக்கனமாகச் செலவிடுங்கள் என்று மறையுரையாற்ற நமக்கு வாய் வரவில்லை. அவருடைய காலடி சிறியது என்று புகழவும் கூச்சமாயிருந்தது. அதில் பாதி அவர் தேர்ந்துகொண்ட எளிமை. மறு பாதி அவர்மேல் சுமத்தப்பட்ட இல்லாமை. பசுமை வாழ்வு பற்றிய நூல்களில் இந்த இரண்டும் ஒன்றாகக் குழம்பிப்போகின்றன. அவருக்கு இன்னொரு மின்விசிறி வேண்டும், குழாயில் நாள்தோறும் நீர் வேண்டும். அவர் காலடி சற்றுப் பெரிதாக இடமளிப்பதற்காகவும்தான் நம் காலடி சுருங்க வேண்டும்.

சரி, சுருக்கினோம். யாரும் பார்க்கவில்லை, எந்த எந்திரமும் பதிவு செய்யவில்லை. என்ன பயன்? இதற்கு நம் ஊரின் பெயரே ஒரு விடையை வைத்திருக்கிறது. மறைமலையடிகளின் (1876-1950) நினைவாகப் பெயர் பெற்ற நகர் இது. அவர் வாழ்ந்தது இதே சாலையில் வடக்கே, பல்லாவரத்தில். வேதாசலம் என்ற தம் பெயரையே முதலில் மாற்றிக்கொண்டு, 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கினார். தம் இதழான 'ஞானசாகர'த்தை 'அறிவுக்கடல்' ஆக்கினார். ஒரு மனிதர் தம் வாயிலிருந்து வரும் சொற்களைப் பொறுக்கிப் பொறுக்கி மாற்றினால் மொழி மாறிவிடுமா என்று அன்று நகைத்தவர்கள் பலர். இன்று எந்தக் கூட்டத்திலும் 'அக்கிராசனர்' என்ற ஒலியைக் கேட்க முடியுமா? அவருடைய கொள்கையின் எல்லாக் கூறுகளோடும் நாம் உடன்படுகிறோம் என்பதன்று. ஆனால் மாற்றம் எப்படி நடக்கிறது என்பதற்கு அது நல்ல சாட்சி.

நம் திருச்சபைக்குள்ளேயே பாருங்கள். நம் பாட்டியார் ஞானஸ்நானம் பெற்றார், பூசை கண்டார், பாவசங்கீர்த்தனம் செய்தார், சம்மனசுகளை வேண்டினார், சர்வேசுரனிடம் சென்றார். நாமோ திருமுழுக்குப் பெற்று, திருப்பலியில் பங்குகொண்டு, ஒப்புரவாகி, வானதூதரோடு இறைவனைப் போற்றுகிறோம். இரண்டாம் வத்திக்கான் சங்கமும் ஆயர்களும் மொழிபெயர்ப்புக் குழுக்களும் வழிவகுத்தது உண்மையே. ஆயினும் இலட்சக்கணக்கான வாய்கள், முதலில் கூச்சத்தோடும் பிறகு பழக்கத்தாலும், ஒவ்வொரு சொல்லாக மாற்றிக்கொள்ளாவிட்டால் அந்த ஆணைகள் தாளிலேயே இருந்திருக்கும். ('ஃபாதர்' என்ற விளி மட்டும் அசையாமல் இருக்கிறது, அதை மாற்ற நமக்கும் மனமில்லை போலும்.)

மஞ்சள் பையின் கதையும் இதுவே. கையில் மஞ்சள் பையோடு பட்டணத்தில் இறங்குபவரைப் பட்டிக்காட்டான் என்று நகைத்தது ஒரு காலம். திருமண வீட்டில் தேங்காயும் வெற்றிலையும் இட்டுக் கொடுத்த அந்தப் பையை, மறைத்து மடித்து எடுத்துப்போனவர்கள் நாம். நெகிழிப் பை மலிவு என்பதால் மட்டுமா வென்றது? துணிப்பை வெட்கம் என்றானதாலும் வென்றது. 2019 சனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்களைத் தமிழக அரசு தடைசெய்தது. கடைகளில் சில மாதம் அவை மறைந்தன. பிறகு மேசைக்கு அடியிலிருந்து மெல்லத் தலைகாட்டின. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தை அரசே தொடங்க வேண்டியதாயிற்று. தடைச்சட்டம் பையைப் பறிமுதல் செய்யும். வெட்கத்தைப் பறிமுதல் செய்ய அதற்கு வழியில்லை. அதை நீக்குபவர்கள், மதிப்புக்குரிய ஒருவர் மஞ்சள் பையோடு காய்கறிக் கடையில் நிற்பதைக் கண்ணால் காணும் அண்டை அயலார்தாம். எண்ணிக்கை அளவில் உடனடி விளைவு தெரியாவிட்டாலும் சமூகத்தின் அடியிலிருந்து மாற்றம் எழ இவை உதவுகின்றன என்று திருத்தந்தை அதே மடலில் கூறுவதை இப்படித்தான் நாம் புரிந்துகொள்கிறோம்.

இவ்வளவும் எழுதிய பிறகு, நம் பங்குத் திருவிழாவில் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். நீர்மோருக்கும் குடிநீருக்கும் நெகிழிக் குவளை வேண்டாம், அன்பியங்களிலிருந்து எவர்சில்வர் டம்ளர்களைத் திரட்டுவோம் என்று பங்குப் பேரவையில் முடிவாயிற்று. கைதட்டலும் கிடைத்தது. ஐந்நூறு டம்ளர்கள் வந்து சேர்ந்தன, அடியில் பெயர் பொறித்தவை. திருவிழா மாலையில் தேர் பவனி புறப்பட்டபோது, ஆலயத்தின் பின்புறத்துக் குழாயடியில் ஆறு பெண்கள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "பூமியைக் காப்பாத்துறது நல்ல விசயம்தான் ஃபாதர். ஆனா அதையும் நாங்கதான் கழுவணுமா?"

அவர்கள் அன்று தேரைக் காணவில்லை. பேரவையில் கைதட்டியவர்கள் அனைவரும் தேரோடு போய்விட்டிருந்தோம், நாம் உட்பட. நெகிழிக் குவளையின் பாரத்தைச் சதுப்பு நிலத்தின்மேலிருந்து எடுத்து இந்த ஆறு பேரின் முதுகில் வைத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. யார்மேல் விழுகிறது என்ற கேள்வி நல்ல செயல்களையும் விட்டுவைப்பதில்லை.

அடுத்த ஆண்டு முறை வைத்து ஆண்கள் கழுவினார்கள். திருவிழாவுக்கு மறுநாள் காலை, எஞ்சிய டம்ளர்களைத் தேய்த்துக்கொண்டிருந்தவர்களில் நம் கடைசல் எந்திர நண்பரும் இருந்தார். அருகே ஒரு வாளி, அளவுக்கு ஒரு சொம்பு. கழுவிய நீர் வாழை மரங்களுக்குப் போக மண்ணில் ஒரு கால் கீறி வைத்திருந்தார்.

"ஒரு டம்ளருக்கு எவ்வளவு தண்ணி ஆகுதுன்னு அளந்து பார்த்தேன், ஃபாதர். உலகத்துக் கணக்கு இன்னும் எனக்கு ஒத்து வரல" என்றார். நாம் பதில் தேடிக்கொண்டிருக்கையில், ஈரக் கையை உயர்த்திக் கோபுரத்தைக் காட்டினார். "அது இருக்கட்டும். அதுக்கு எவ்வளவு சாம்பல்னு கணக்குப் போட்டீங்களா?"

ஏறிட்டுப் பார்த்தோம். காலை பத்து மணி வெயிலில், முந்தின இரவின் வண்ண விளக்குச் சரங்கள் கோபுரம் முழுவதும் எரிந்துகொண்டிருந்தன.